செவலை போன பிறகு: வீட்டு நாயை இழந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டுச் செவலை போன கார்த்திகையில் செத்தான். 13 வயது. கோம்பையில் பிறந்து, தேனி மாவட்டம் கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவன். அவனை நாங்கள் முறையாகப் புதைத்த செய்தி எப்படியோ பரவிவிட்டது. அதற்கப்புறம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு நாய் செத்தாலும் எங்களுக்குப் போன் வருகிறது. கூடலூரிலிருந்து, லோயர் கேம்ப்பிலிருந்து, மலைக்கு மேலே கேரளப் பக்கம் குமுளி, வண்டிப்பெரியாறு லயங்களிலிருந்து (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எல்லாம் கூப்பிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மருத்துவம் சம்பந்தப்பட்டதை, கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பாவிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன்.

நாய் இப்போதுதான் செத்தது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் கால்களை மெதுவாக மடக்கி, அது தூங்கும்போது சுருண்டு படுக்குமே, அந்த மாதிரி படுக்க வையுங்கள். ஓரிரண்டு மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும். நீட்டிய காலோடு விறைத்துவிட்டால் குழியைப் பெரிதாக வெட்ட வேண்டியிருக்கும். கண் திறந்தபடியே இருக்கும், நாய்க்கு அப்படித்தான். நாம் மூடிவிட்டாலும் பெரும்பாலும் மூடி நிற்காது. ‘என்னையே பார்க்கிறானே’ என்று எங்கள் அம்மா தவித்துப்போனார், அதனால்தான் இதை எழுதுகிறேன். வாயிலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் நீர் கசியலாம். அடியில் பழைய சாக்கும் செய்தித்தாளும் போடுங்கள். உடல் ஆறியதும் உண்ணிகள் இறங்கி ஊர ஆரம்பிக்கும், ஆகையால் கட்டிலிலோ பாயிலோ கிடத்த வேண்டாம். நிழலான சிமெண்டுத் தரை நல்லது. நம் வெயிலுக்கு அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவதுதான் சரி.

வெளியூரில் இருக்கும் பிள்ளை வந்து முகம் பார்க்க வேண்டும் என்றால்? வீடியோ காலில் காட்டுங்கள். என் தங்கை திருப்பூரிலிருந்து அப்படித்தான் பார்த்தாள்.

எங்கே புதைப்பது, எவ்வளவு ஆழம்?

குறைந்தது 3 அடி. கோம்பை, ராஜபாளையம் ஜாதி நாய்கள் மாதிரி பெரிய உடம்பு என்றால் 4 அடி. கிணறு, போர்வெல், வாய்க்கால் இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மேடான இடமாகப் பாருங்கள். பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், மண் தன் வேலையைச் செய்ய முடியாது. மூடிய பிறகு மேலே கனமான கல் நாலைந்து வைத்து, கருவேல முள்ளை வெட்டிப் போடுங்கள். காட்டுப்பன்றியும் தெருநாயும் தோண்டும்.

நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். அன்றைக்கு விடியற்காலையிலிருந்து மழை. அப்பாவும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் வேலியோரம் கடப்பாரை போட்டார்கள். இரண்டடி போனதும் பாறை. இன்னொரு இடம் பார்த்தோம், அங்கே குழி வெட்ட வெட்ட ஊற்று மாதிரி தண்ணீர் வந்தது. மூன்றாவதாகத்தான் மோட்டார் ரூமுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவில் மண் கிடைத்தது. மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அத்தனை நேரமும் அம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் வயதான நாய் வைத்திருப்பவர்கள் இடத்தை முன்கூட்டியே யோசித்து வைப்பது பாவம் ஒன்றுமில்லை.

குழியில் கல் உப்பு போடுகிறார்களே, போடலாமா?

பழக்கம்தான். வாடைக்கும் தோண்டும் மிருகங்களுக்கும் என்று போடுகிறார்கள். ஆழமாக வெட்டியிருந்தால் தேவையில்லை. மேலே செடி வைக்க நினைத்தால் உப்பைக் குறையுங்கள். மூட்டையாகக் கொட்டிவிட்டு, ‘வைத்த செம்பருத்தி கருகிவிட்டது, நாயின் ஆத்மா ஏற்கவில்லை’ என்று ஒரு அக்கா போனில் அழுதார். ஆத்மா இல்லை அக்கா, உப்பு. தென்னை மட்டும் உப்பைத் தாங்கும்.

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம்.

மேலேயிருந்து வரும் போன்களில் பாதி இதுதான். லயத்துக்குப் பின்னாலேயே ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்துவிடாதீர்கள். சூப்பர்வைசரிடமோ ஃபீல்டு ஆபீசரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். தரிசாக ஒரு மூலை எந்த எஸ்டேட்டிலும் இருக்கும். ஓடைப் பக்கம் கூடவே கூடாது, கீழே யாரோ அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) சமயத்தில் செங்குத்தான சரிவையும் தவிர்க்க வேண்டும். மண் சரிந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

செத்தது குமுளியில், புதைக்க நினைப்பது ஊரில் என்றால், வயதாகிச் செத்த நாயை அன்றைக்கே சொந்த வண்டியில், நன்றாக மூடிக் கொண்டுவரலாம். செக்போஸ்ட்டில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நோயில் செத்திருந்தால் கொண்டுவரவே வேண்டாம். செத்த இடத்தில்தான் அடக்கம்.

பெரிய நகரங்களில் நாய்களை எரியூட்டும் வசதி உண்டு. சாம்பலையும் தருவார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் நமக்குத் தெரிந்தது மண்வெட்டிதான்.

காட்டோரம் போட்டுவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடாதா?

ஆகாது, வேறு எதன் வயிற்றிலாவது போகும். நமக்கு ஒரு பக்கம் பெரியார் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை காப்பகம். நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் காட்டு மிருகங்களையும் பிடிக்கும். 2018-இல் குஜராத் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்ததற்கு அந்த வைரஸும் ஒரு காரணம். வலி தாங்காமல் இருந்த நாயை ஊசி போட்டு அனுப்பியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சில மருந்துகள் சதையில் அப்படியே தங்கும். தின்ற நரிக்கும் கழுகுக்கும் அதுவே விஷம்.

வெறி பிடித்துச் செத்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அப்படியென்றால் நினைவு, மரியாதை எல்லாம் அப்புறம். வெறுங்கையால் தொடாதீர்கள், எச்சில் படக் கூடாது. கால்நடை மருத்துவமனைக்கு உடனே தகவல் சொல்லுங்கள். கடிபட்டவர், நகம் கீறியவர், புண்ணில் நாய் நக்கியவர் எல்லாரும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அறிகுறி வருமுன் போடும் ஊசி காப்பாற்றும். ‘நம்ம பிள்ளை மாதிரி வளர்ந்தது, நமக்கு ஒன்றும் பண்ணாது’ என்பதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், வைரஸுக்குத் தெரியாது.

தீட்டு உண்டா? 16-ஆம் நாள் ஏதாவது செய்யலாமா?

எங்கள் பக்கத்தில் நாய்க்குத் தீட்டு பார்ப்பதில்லை. குழி வெட்டியவர்கள் குளிப்பார்கள், அவ்வளவுதான். சாஸ்திரம் ஒன்றும் வகுத்து வைக்கவில்லை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மனசுக்கு எது சரியோ அதைச் செய்துகொள்ளலாம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சிலர் 16-ஆம் நாள் தெருநாய்களுக்குக் கறிச்சோறு போடுகிறார்கள். சிலர் தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் கோயிலில் விளக்கேற்றுகிறார்கள், அவருடைய வாகனமே நாய்தானே. ‘கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன்’ என்று நின்ற தருமர் கதையை எங்கள் பாட்டி அன்று ராத்திரி முழுக்கச் சொன்னார். நாலு தடவை கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அம்மா வேறொன்று செய்தார். குழி மூடும் முன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பழம்பொரியை (வாழைப்பழ பஜ்ஜி) எடுத்து அவன் வாய் பக்கத்தில் வைத்தார். மலைமேல் ஏலத்தோட்ட வேலை முடிந்து வரும்போது கம்பம்மெட்டுச் சாயாக்கடையில் வாங்கி, பாதியைத் தான் தின்று பாதியை அவனுக்குக் கொண்டுவருவது வழக்கம். எண்ணெய்ப் பண்டம் நாய்க்கு ஆகாது என்று சித்தப்பா திட்டாத நாளில்லை. அன்றைக்கு முழுதாக ஒன்று. சித்தப்பாவும் அங்கேதான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

நாய்க்குக் கல் நடுவது அதிகப்படி இல்லையா? ஊர் சிரிக்குமே.

சிரிக்கிறவர்களைத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூருக்கு அனுப்புங்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே உண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த வீரனின் கல் அது. அவன் பக்கத்திலேயே நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் யாரும் சிரித்த மாதிரி தெரியவில்லை. அந்தக் காலத்து எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது, ஒரு நாயின் பெயர் தெரிகிறது.

இதற்கு நேர்மாறாக ஒரு மனக்குறையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் இருந்தது. கோம்பை இல்லை. செம்பட்டை உடம்பும் கரிய வாயுமாகப் பார்த்தாலே திருடன் திரும்பிப் போகிற ஜாதி! எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு.

கல் என்றால் கிரானைட் பலகை, பொன்னெழுத்து என்று போக வேண்டாம். நாங்கள் வைத்தது அவன் வெயிலுக்குப் படுத்துக் கிடந்த துவைக்கிற கல். அம்மாவுக்குப் புதுக் கல் வாங்க வேண்டியதாகிவிட்டது.

‘நாய்க்குப் போய் இப்படி அழுவதா’ என்கிறார்கள். லீவு கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

திட்டுவதற்கு முதலில் வாயில் வருவதே ‘நாயே’ என்கிற ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பாதி ‘பட்டி’யில் முடிகின்றன. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஏலத்தோட்டத்தில் அம்மா ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கூட வேலை செய்யும் சேச்சிகள் சிரிப்பார்கள். செவலை செத்த மறுநாள் அதே சேச்சிகள்தான் அம்மாவின் பங்கு ஏலக்காயையும் சேர்த்து எடுத்துக் கொடுத்து, ‘நீ இரி’ என்று உட்கார வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்காததை அவர்கள் கேட்டார்கள்.

லீவுக்குப் பொய்க் காரணம் சொல்லாதீர்கள். இல்லாத பாட்டியைச் சாகடித்தால் அப்புறம் அந்தப் பாட்டிக்கும் துக்கம் விசாரிப்பார்கள். வீட்டு நாய் இறந்துவிட்டது, ஒரு நாள் வேண்டும் என்று நேராகக் கேளுங்கள்.

முன்னமே கவனித்திருந்தால் பிழைத்திருக்குமோ?

இந்தக் கேள்வியை நானும் பல மாதம் சுமந்தேன். செவலைக்குச் சிறுநீரகம் போய்விட்டது. நிறைய தண்ணீர் குடித்தான், மெலிந்தான். நாங்கள் கூட்டிப்போன ஒரு இடத்தில் ரத்தப் பரிசோதனைகூட எடுக்காமல் ‘வயசாச்சுல்ல’ என்று சத்து டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் சித்தப்பா சொன்ன ஒன்றையும் சொல்ல வேண்டும். நாயின் சிறுநீரகம் முக்கால்வாசி வேலை நிறுத்திய பிறகுதான் வெளியே அடையாளமே காட்டும். அதுவரை வாலை ஆட்டிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடும். நாம் பார்த்த அன்றைக்கே காலம் கடந்திருந்தது. இன்னும் கொஞ்ச மாதம் தள்ளிப்போட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது வயதான நாய் வைத்திருப்பவர்களுக்கு: ஏழெட்டு வயதுக்கு மேல் வருஷம் ஒருமுறை ரத்தம் பாருங்கள். தண்ணீர்ச் சட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானால் விட்டுவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

செத்துவிட்டது என்று சொல்லுங்கள். ‘தூங்குகிறது’ என்று சொன்னால் பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும். ‘ஊருக்குப் போயிருக்கிறது’ என்றால் தினமும் எப்போது வரும் என்று கேட்கும். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது. குழிக்கு அவளே ஒரு கைப்பிடி மண் போட்டாள். அப்புறம் ‘உள்ளே இருட்டா இருக்குமே’ என்றாள். அண்ணன், ‘அவனுக்கு இனி கண்ணும் தெரியாது, வலியும் தெரியாது’ என்றான். சரி என்று விளையாடப் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் திடீரென்று அழுதாள். பிள்ளைகளின் துக்கம் அப்படி விட்டு விட்டுத்தான் வரும்.

வீட்டில் இருக்கும் இன்னொரு நாய் சாப்பிடவில்லை.

தேடும். சில வாரம்வரை தீனி குறையும், குழியடியில் போய்ப் படுக்கும். சாப்பாட்டு நேரத்தையும் நடையையும் மாற்றாமல் வைத்திருங்கள். இரண்டு நாளைக்கு மேல் ஒன்றுமே தின்னவில்லையென்றால் துக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். முதல் நாய்க்கு வந்த நோயே இதற்கும் வந்திருக்கலாம்.

நினைவுக்கு என்னென்ன எடுத்து வைக்கலாம்?

புதைக்கும் முன்னால் ஒரு பாதத்தில் மஞ்சளைக் குழைத்துத் தடவி வெள்ளைத் துணியில் பதித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முடி, கழுத்துப் பட்டை. படங்கள் நிறைய இருக்கும், குரைப்புச் சத்தம்தான் இருக்காது. உயிரோடு இருக்கும்போதே அதைப் பதிந்து வையுங்கள். செவலை குரைக்கிற ஒரே வீடியோவில் பாதி நேரம் அப்பா ‘டேய் சும்மா இரு’ என்று கத்திக்கொண்டிருக்கிறார். இப்போது அந்தச் சத்தமும் சேர்ந்துதான் வேண்டியிருக்கிறது. போன் தொலைந்தால் எல்லாம் போச்சு, ஆகையால் இன்னொரு இடத்திலும் ஏற்றி வையுங்கள்.

ஆனால் பொருள்களைவிட நேரம்தான் படுத்தும். அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப் காலை 5 மணிக்கு வளைவில் வந்து நிற்கும். செவலை 13 வருஷமும் அம்மாவோடு அந்த வளைவுவரை போவான், ஜீப் கிளம்பியதும் டீக்கடையில் ஒரு ரஸ்க் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புவான். சாயங்காலம் ஜீப் வரும் முன்னால் போய் நிற்பான். அவன் போன பிறகு பகலெல்லாம் சமாளித்துவிட்டோம், அந்த இருட்டு வழியைத்தான் அம்மாவால் நடக்க முடியவில்லை. கதவைத் திறந்து, யாரையோ முன்னால் விடுவதுபோல ஒரு கணம் நிற்பார். நாலு நாள் வேலைக்கே போகவில்லை. ஐந்தாம் நாள் அப்பா ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட நடந்தார். இப்போதும் நடக்கிறார். டீக்கடைக்காரர் முதல் நாள் ஞாபகமறதியாக ரஸ்க்கை எடுத்து நீட்டிவிட்டு விழித்தாராம். அப்பா வாங்கித் தின்றுவிட்டார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நேரம் இருக்கும். அது எதுவென்று கண்டுபிடித்து, அந்த நேரத்தில் வீட்டில் யாராவது கூட இருங்கள்.

புதுக் குட்டி எப்போது எடுக்கலாம்?

மனசுக்குக் கணக்கு இல்லை. சிலர் அடுத்த வாரமே எடுக்கிறார்கள், சிலர் எடுப்பதே இல்லை, இரண்டையும் குறை சொல்ல மாட்டேன். துக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் குட்டியைப் பரிசாகக் கொண்டுபோய் விடுவதுதான் தப்பு.

உடம்புக்குக் கணக்கு உண்டு. முன்னது பார்வோ நோயில் செத்திருந்தால் அந்தக் கிருமி மண்ணில் பல மாதம், ஒரு வருஷம்கூடக் கிடக்கும். சிமெண்டுத் தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவலாம், மண் தரையை ஒன்றும் செய்ய முடியாது. அந்த வீட்டுக்குத் தடுப்பூசித் தவணைகள் முழுதும் முடிந்த நாயைத்தான் கொண்டுவர வேண்டும். பழைய தட்டு, படுக்கைச் சாக்கு எதுவும் கூடாது, எரித்துவிடுங்கள். வயதாகிச் செத்ததென்றால் தட்டைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

அதே பெயரை வைக்கலாமா?

எங்கள் பாட்டி வீட்டில் நான் பார்த்த எல்லா நாய்க்கும் மணி என்றுதான் பெயர். எந்த மணி எந்த வருஷம் செத்தது என்று பாட்டிக்குக் குழப்பமே வராது. ‘காது கிழிஞ்ச மணி’, ‘பெரியவன் கல்யாணத்துல பந்தியில பூந்த மணி’ என்று பிரித்து வைத்திருப்பார். ஆகவே தாராளமாக வைக்கலாம்.

நாங்கள் வைக்கவில்லை. மாசியில் வந்த குட்டிக்கு அண்ணன் மகள் ‘புட்டு’ என்று பெயர் வைத்தாள். அப்பா இன்னும் வாய் தவறிச் செவலை என்றே கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டு அம்மா பக்கம் பார்க்கிறார். குட்டி இரண்டு பெயருக்கும் ஓடி வருகிறது. கையில் ரஸ்க் இருந்தால் எந்தப் பெயருக்கும் வரும்.